அவளுக்காகத் தட்டினார்கள்

தன் மனக்காயத்தை ஆற்றிக்கொள்ள எங்கள் நிலையத்துக்கு வந்தவர்கள் இந்த நான்கு வருடத்தில் மொத்தம் ஆறு பேர். அதிலும் ஒருவர் பல் டாக்டரைத் தேடிக்கொண்டு மாடி மாறி ஏறியவர். மற்ற எல்லோரும் அடுத்தவர் காயத்தை ஆற்ற வந்த புண்ணியவான்கள்.

திருச்சி தில்லைநகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கிறது 'சாந்தம் தட்டல் நிலையம்'. நான் அங்கே தட்டுநர். பெயர் ஃபிலோமினா, மேலப்புதூர்க்காரி, வயது ஐம்பத்தொன்று. இதற்கு முன்னால் இருபது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அங்கே வந்தவர்களாவது தங்கள் சொந்த ரத்தத்தைக் கொடுத்தார்கள்.

தட்டல் ஒன்றும் புதிதல்ல. பயத்தை நினைத்துக்கொண்டே புருவ ஓரம், கண்ணுக்குக் கீழே, மோவாய், காறை எலும்பு என்று ஒன்பது இடத்தில் விரலால் தட்டினால் மனசு லேசாகும் என்று எங்கள் அம்மா காலத்திலேயே வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் கேட்டது, பலருக்கு விரல்தான் வலித்தது. பிறகுதான் கையுறை வந்தது. கையுறை மாட்டியவர் கற்பனையில் கொண்டுவருகிற காட்சியை அது வாங்கிக்கொள்ளும். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற, பொட்டு அளவேயான வில்லைக்கு அனுப்பும். வில்லை ஒட்டியவரின் ஞாபகத்தில் நடந்தபடியே காட்சி இருந்தால் மேஜையில் பச்சை விளக்கு எரியும். அந்த நினைப்போடு ஒட்டியிருந்த பயம் கழன்றுவிடும். காட்சியில் பொய் இருந்தால் சிவப்புதான்.

கையுறை ஒருவர் கையிலும் பொட்டு இன்னொருவர் காதிலும் இருந்தாலும் வேலை செய்யும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் நடுவில் எத்தனை மைல் இருந்தாலும் பரவாயில்லையாம். பேச்சு வராத குழந்தைகளுக்காக அம்மா தட்டலாம் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதை எந்த ஊரில் கொண்டுவந்து விற்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா மொட்டை போட்டுக்கொள்கிற ஊர் இது. மகன் பரீட்சை எழுதினால் அப்பா செருப்பில்லாமல் நடப்பார். அடுத்தவருக்காக வேண்டிக்கொள்வது நமக்குக் கைவந்த கலை. ஒரே மாதத்தில் எங்கள் மாடிப்படி முழுக்க வரிசை நின்றது.

மாமியார்கள் மருமகள்களுக்காகத் தட்ட வந்தார்கள். ஒரு மேனேஜர், தான் ஆறு மாதம் வாய்க்கு வந்தபடி திட்டிய கணக்குப்பிள்ளைப் பெண்ணுக்காக, மிகுந்த மனிதாபிமானத்தோடு வந்தார். ஒரு கவுன்சிலர் மொத்த வார்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் தட்ட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். காயம் பண்ணியவர்களுக்குத்தான் ஆற்றுவதில் எத்தனை அவசரம் என்று எனக்கு இந்த வேலைக்கு வந்துதான் தெரிந்தது.

காயம்பட்டவரே சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் முதலில் விதி. கூட்டம் பாதியாகக் குறைந்தது. நெருங்கிய உறவினர் கையெழுத்தே போதும் என்று திருத்தினார்கள். கூட்டம் திரும்பி வந்தது, கூடவே டிபன் டப்பாவும் வந்தது.

போன வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அந்தக் குடும்பம் வந்தது. அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஐ.சி.யூ.வுக்குள்ளேயே அஞ்சாறு பேராக நுழைகிற ஜனத்துக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? நான்கு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவர் சௌந்தரவல்லி அம்மா, அறுபது வயதிருக்கும், சுங்குடிச் சேலை, நடையிலேயே அதிகாரம். பக்கத்தில் மூத்த மகன் தீபன். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. வெளியே காத்திருந்த நேரத்தில் அவனுக்கு அந்த அம்மா ஆரஞ்சு உரித்து, கொட்டையையும் எடுத்துவிட்டுச் சுளைசுளையாகக் கொடுத்ததை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மாவின் தங்கை ஒருத்தி, எதைச் சொன்னாலும் திருத்துவதற்கென்றே பிறந்தவள். கடைசியாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் கலியமூர்த்தி, லால்குடிக்காரர், தீபனின் மாமனார்.

விஷயம் இதுதான். கலியமூர்த்தியின் மகள் இனியா. கல்யாணமாகி இரண்டு வருடம். மூன்று மாதத்துக்கு முன்னால் உறையூரில் புருஷன் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. அன்றைக்கு அப்பா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. படியென்றாலே பயப்படுகிறாளாம். பாவம், படிதானே, எத்தனை பொல்லாதது!

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து ஒரு குடும்பம் இளைய மகனுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறது. மூத்த மருமகள் காபித் தட்டோடு வந்து நிற்கவில்லை என்றால் எங்கே என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதனால் சனிக்கிழமைக்குள் இனியாவின் மனக்காயம் ஆறியாக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். கலியமூர்த்தி தரையைப் பார்த்தார். கை உடைந்ததிலிருந்து அவளுக்கு அம்மாதான் தலை பின்னுகிறாளாம். இன்று காலை பின்னும்போது தலைவலிக்கு நல்லது என்று சொல்லிக் காதுக்குப் பின்னால் பொட்டை ஒட்டியாயிற்றாம். சம்மதப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

சௌந்தரவல்லி அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"இது பண்ணினா எங்களை எல்லாம் மறந்துருவாளா?"

"ஞாபகம் அப்படியே இருக்கும்மா. என்ன நடந்துச்சு, யாரு என்ன பேசினாங்க, ஒண்ணும் அழியாது. அதை நெனைச்சா வர்ற நடுக்கம் மட்டும்தான் போகும்."

"அது போதும்," என்றார்.

முதலில் தீபன் கையுறையை மாட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவளாக இருந்து அவள் கண்ணால் பார்க்க வேண்டும், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான் எண்ண எண்ணத் தன் உடம்பில் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். படி ஈரமாக இருந்தது, கால் வழுக்கியது, விழுந்தேன் என்று சொன்னான். சிவப்பு.

சித்தி உடனே திருத்தினாள். படி ஈரமில்லையாம், செருப்புத்தான் வழுக்கியதாம். அப்படியே நினைத்துத் தட்டினான். சிவப்பு. காலையா, சாயங்காலமா என்று ஒரு வழக்கு நடந்தது. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது சேலையா சுடிதாரா என்று இன்னொரு வழக்கு. கலியமூர்த்திகூட, அங்கே இல்லாத மனுஷன், நாலாவது படியாக இருக்கலாம் என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். ஏழு தடவை தட்டினார்கள். ஏழும் சிவப்பு. தீபனுக்குக் கன்னம் கன்றிப்போனது.

எனக்கு அதற்குள் பாதி புரிந்துவிட்டது. நான்கு வருடம் இந்த விளக்கின் முன்னால் உட்கார்ந்தவளுக்குப் புரியாதா? சிவப்பு எரியும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டாவது தடவையும் சிவப்பு எரிந்தால் எழுந்து போய்விடுவார்கள், அந்தப் பெண் தப்பித்தாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று தீபன் எரிந்து விழுந்தான்.

அப்போதுதான் சௌந்தரவல்லி அம்மா எழுந்தார். மகன் கையிலிருந்து கையுறையை உருவினார்.

"குடு இங்க. உனக்கு எதுதான் ஒழுங்கா வந்திருக்கு? எல்லாரும் வெளிய போங்க."

எல்லோரும் போனார்கள். அவன் பரீட்சைக்கு விரதம் இருந்தவர், அவன் வேலைக்குப் பழனிக்கு நடந்தவர், அவனுக்காக ஆரஞ்சுக்குக் கொட்டையெடுத்தவர், இதை மட்டும் விட்டுவிடுவாரா? கதவு சாத்தியதும் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"இங்க பேசுறது வெளிய போகாதுல்ல?"

"போகாதும்மா. விதி அப்படி."

"கோயில் மாதிரி."

"அப்படித்தான்," என்றேன். எங்கள் சர்ச்சில் சாமியார் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்து கேட்கிற பாவங்களையெல்லாம் நானும் கேட்கிறேன். அவருக்கு மன்னிக்கிற அதிகாரம் உண்டு, எனக்குச் சம்பளம் உண்டு.

அவர் கண்ணை மூடினார். நான் எண்ண ஆரம்பித்தேன். புருவ ஓரம், ஏழு தட்டு.

"சாயங்காலம் ஆறு மணி. வெளக்கேத்துற நேரம். பெட்டியத் தூக்கிக்கிட்டு மேலருந்து எறங்கி வர்றா. சென்னையில வேலை கெடைச்சிருக்கு, போறேங்கிறா. இவன் பெட்டியப் புடுங்கினான். அவ விடல. இவன் தள்ளிட்டான்."

விளக்கு மினுக்கியது, நிலைக்கவில்லை. என் வாய் இருக்கிறதே, பழக்கதோஷம், தானாகச் சொன்னது: "அவ கண்ணால பாருங்கம்மா. 'நான்'னு சொல்லுங்க."

இதைச் சொன்னதற்காக என் நாக்கை அறுத்துப் போடலாம்.

அந்த அம்மா விடாமல் தட்டினார். பிறகு குரல் மாறி வந்தது.

"நான் கீழ கெடக்கேன். கை மடங்கிக் கெடக்கு. அத்தை சமையக்கட்டு வாசல்ல நிக்கிறாங்க. எல்லாத்தையும் பாத்துட்டாங்க. அத்தைன்னு கூப்பிடுறேன். அடுப்புல பால் பொங்குது. அத்தை அடுப்ப அணைக்க உள்ள போறாங்க. திரும்பி வரல."

பச்சை எரிந்தது. அசையாமல் எரிந்தது.

மேஜைக்கு அடியில் என் இடது கைக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். கை அங்கே போனது, அங்கேயே இருந்தது. வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. காறை எலும்பு, ஏழு. அக்குள், ஏழு. உச்சந்தலை, ஏழு. மூன்று சுற்று முடித்துத்தான் வாய் ஓய்ந்தது. ஏன் அமுக்கவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொத்தானை அமுக்கினால் எங்கள் முதலாளி குணசீலன் சாருக்கு அறிக்கை எழுத வேண்டும் என்ற நினைப்பு ஓடியது என்பதுதான் உண்மை. வெட்கக்கேடு.

சௌந்தரவல்லி அம்மா கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. தன் முதுகைத் தானே பார்த்துவிட்டு வந்த மனுஷி. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருவாள்ல?"

வெளியே போய் மகனை முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். சம்பந்திகள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவதாக முடிவாயிற்று. நல்ல காரியம் நடந்தால் சாப்பிட வேண்டாமா? கலியமூர்த்தி மட்டும் கடைசியாக நின்றார். எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டார். உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"எனக்கு இன்னொரு பொண்ணு இருக்குங்க," என்றார். தெரியும் என்று சொல்வதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

நான் நேரே குணசீலன் சாரிடம் போனேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்வார், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பச்சை எரிந்ததா என்று கேட்டார். எரிந்தது என்றேன். அப்புறம் என்ன என்றார். அறையில் கேட்டதை வெளியே சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிற தாளை நினைவுபடுத்தினார். அதோடு விட்டாரா? மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தால் எனக்காகத் தானே தட்டுவதாகவும் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லிவிட்டு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி பஸ் ஏறினேன். முகவரி படிவத்திலேயே இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அந்தப் பயம் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததம்மா, அதைப் பிடுங்கிவிட்டோம், மறுபடியும் அந்தப் படிக்குக் கீழே போய் நிற்காதே. அவள் போய்விட்டிருந்தால்? அடுத்த தடவை மணிக்கட்டோடு நிற்குமா? மாதாவே, நான் போகிறவரைக்கும் அவளை வீட்டில் உட்கார வை என்று வேண்டிக்கொண்டே போனேன்.

மாதா கேட்கவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இறுகப் பின்னிய தலையோடு ஒல்லியாக ஒரு பெண், இடது கையால் பெட்டியை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் பட்டி. உள்ளேயிருந்து அவள் அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டது.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், நான் யார், எங்கிருந்து வருகிறேன், காலையில் யார் யார் வந்தார்கள், யார் எதை நினைத்துத் தட்டினார்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். காதுக்குப் பின்னால் தடவிப் பொட்டைப் பிய்த்து எடுத்தாள்.

"தலைவலிக்குன்னு அம்மா சொன்னாங்க. தலைவலி அப்படியேதான் இருக்கு."

"அந்த வீட்டுக்குப் போகாதம்மா," என்றேன். "உன் கால்ல வேணாலும் விழறேன். இந்தத் தைரியம் உன்னோடது இல்ல. அவங்க வேணும்னு குடுத்தது."

"பன்னெண்டு மணி இருக்கும்க்கா. சாப்பிட உக்காந்தேன். திடீர்னு நெஞ்சுல இருந்த பாரம் இல்ல. படியில வழுக்கி விழுந்தேன்னு மூணு மாசமா ஆஸ்பத்திரியில, பக்கத்து வீட்டுல, எல்லார்கிட்டயும் நானேதான் சொல்லிட்டிருந்தேன். அவங்க யாரும் சொல்லச் சொல்லல, நானா சொன்னேன். வாயத் தொறந்தாலே கை நடுங்கும், அதனால. இன்னைக்கு உக்காந்து நெனைச்சுப் பாக்குறேன், நடுங்கல." பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "அந்த வீட்டுக்கு யாருக்கா போறா? மகளிர் ஸ்டேஷனுக்குப் போறேன். கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு அப்படியே சென்னைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவென்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். ஏழு தடவை தோற்று, ஒரு பெரிய மனுஷி மெனக்கெட்டு உட்கார்ந்து, கண்ணீர் விட்டு, மூன்று சுற்றுத் தட்டி, தன் மகனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே பூட்டைத் தன் கையாலேயே கழற்றி வைத்திருக்கிறார். இந்நேரம் ஓட்டலில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கரூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் காபி கொடுப்பார்கள் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

இனியா சிரிக்கவில்லை. நான் முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை சொன்னதை நீங்க உங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்ப வாங்க. நான் மட்டும் சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டைம்பாங்க. நீங்க வேத்தாளு. நீங்க சொன்னா எழுதுவாங்க."

சிரிப்பு நின்றது. நான் கையெழுத்துப் போட்ட தாள், குணசீலன் சாரின் வழக்கு, ஐம்பத்தொரு வயதில் போகப்போகிற வேலை, எல்லாம் கண் முன்னால் வந்தன. என்னை எதற்கம்மா இழுக்கிறாய், நான் எச்சரிக்கத்தானே வந்தேன் என்றுகூடச் சொன்னேன்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்க்கா, அப்புறம் தெரியாதுன்னு சொல்லக்கூடாது. என்னைக் கேக்காம என் மனசுக்குள்ள கை விட்டிருக்கீங்க. நல்லதா முடிஞ்சிருக்கலாம். ஆனா என்னை யாரும் கேக்கல. அதையும் எழுதிக் குடுப்பேன். கையெழுத்துப் போட்டதுக்கு எங்கப்பா பேரு வரும். ஒட்டினதுக்கு எங்கம்மா பேரு வரும். எண்ணினதுக்கு உங்க பேரும் வரும்."

கோபமாகச் சொல்லவில்லை. கடைச் சாமான் பட்டியல் சொல்கிற மாதிரி சொன்னாள். வீட்டுக்குள் அழுகை நின்றிருந்தது. ஆட்டோக்காரர் போகலாமா என்று கேட்டார்.

அவள் ஏறி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இடம் இருந்தது.

"பயமா இருக்காக்கா?"

"ஆமாம்மா. ரொம்ப."

"இருக்கட்டும். ஏறுங்க."

ஏறினேன். என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் பெட்டியின் கைப்பிடி கடகடவென்று அடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வாசலில் இறங்குகிறவரைக்கும் அது நிற்கவில்லை.